மியூஸ்ஸ்கோரில் மறைத்து வைத்த கருவிகளின் பாகங்களை அச்சிடுவது எப்படி?

கேள்வி (ரோஸ் ஹில், மொரீஷியஸ்)

அனைவருக்கும் வணக்கம். சித்திரைப் புத்தாண்டு நிகழ்ச்சிக்காக எங்கள் இளைஞர் குழு பாடவிருக்கும் பக்திப் பாடல் ஒன்றை இசைக்குறிப்பு எழுதும் மென்பொருளான மியூஸ்ஸ்கோர் 4இல் ஸ்டாஃப் நோட்டேஷனாக (ஐந்து கோட்டு மேற்கத்திய இசைக்குறிப்பாக) எழுதி முடித்திருக்கிறேன். குரல், ஹார்மோனியம், வயலின், பி ஃபிளாட் கிளாரினெட், ஆல்ட்டோ சாக்ஸபோன், ராவான் (எங்கள் ஊர்த் தோல் மேளம்), தம்புரா ஆகியவை அதில் இருக்கின்றன. பாடுகிறவர்களுக்குக் குரலும் ஹார்மோனியமும் போதும் என்பதால், மற்றக் கருவிகளை எல்லாம் கருவிகள் பலகத்தில் கண் குறியைச் சொடுக்கி மறைத்துவிட்டேன்.

இப்போது கிளாரினெட்டும் சாக்ஸபோனும் வாசிக்கும் பிள்ளைகளுக்கு அவரவர் தாளைத் தனியாக அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். ஆனால் அச்சிடும் கட்டளையைக் கொடுத்தால் திரையில் தெரியும் இரண்டு கருவிகள்தாம் தாளில் வருகின்றன. ஒவ்வொரு கருவிக்கும் கண்ணைத் திறந்து மூடிக்கொண்டிருந்தால், பாடகர்களுக்காகப் பார்த்துப் பார்த்து அமைத்த பக்கங்கள் குலைந்துவிடுகின்றன. தம்புரா ஒத்திகையின்போது சுருதிக்காக மட்டும் ஒலிக்க வேண்டும். அது எந்தத் தாளிலும் வரக்கூடாது. இதற்கு முறையான வழி இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

பதில் (மோக்கா, இசை ஆசிரியை)

வணக்கம் ஐயா. முழு ஸ்கோரில், அதாவது எல்லாக் கருவிகளும் சேர்ந்த மூலத் தாளில், ஒரு கருவியை மறைப்பதால் அதன் சுரங்கள் எங்கும் போய்விடுவதில்லை. கண் குறி அந்தத் தாவலில் எது தெரிய வேண்டும் என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது. ஒவ்வொரு கருவிக்கும் உரிய பாகம் (அந்தக் கருவிக்கான தனித் தாள்) தனித் தாவலாகத் திறக்கக்கூடியது, அதற்கென்று தனியான கண் குறிகளும் உண்டு. அச்சிடும் கட்டளையோ அப்போது திறந்திருக்கும் தாவலை மட்டுமே அச்சிடுகிறது. ஆகவே முழு ஸ்கோரில் நின்றுகொண்டு அச்சிட்டால் கிளாரினெட் வராது.

மேலே உள்ள கருவிப்பட்டையில் பாகங்கள் என்ற பொத்தானை அழுத்துங்கள். எல்லாக் கருவிகளின் பெயர்களும் வரும். கிளாரினெட்டைத் தேர்ந்து திறந்தால் அது புதிய தாவலில் விரியும். அந்தத் தாவலில் இருந்தபடியே அச்சிடலாம். ஒருவேளை அங்கே எதுவும் தெரியாவிட்டால், அதே தாவலில் எஃப் 7 விசையை அழுத்திக் கருவிகள் பலகத்தை வரவழைத்து, கிளாரினெட்டின் கண்ணை அங்கே திறந்துவிடுங்கள். முழு ஸ்கோர் அதனால் மாறாது.

ஆனால் இந்த வேலையைத் தலைகீழாகச் செய்வதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. முழு ஸ்கோர் நடத்துநருக்கு உரியது. அதில் வாசிக்கும் கருவிகள் அனைத்தும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பாடகர்களுக்கான தாளைத்தான் ஒரு பாகமாக உருவாக்க வேண்டும். பாகங்கள் சாளரத்திலேயே புதிய பாகம் ஒன்றை உருவாக்கி, அதற்குப் பாடகர் தாள் என்று பெயரிட்டு, அதன் தாவலில் குரலுக்கும் ஹார்மோனியத்துக்கும் மட்டும் கண்ணைத் திறந்து வையுங்கள். பின்னர் முழு ஸ்கோரில் ஒரு சுரத்தைத் திருத்தினால் அந்தத் தாளிலும் தானாகவே திருந்திவிடும். பக்க அமைப்போ தாளுக்குத் தாள் வேறாக இருக்கலாம். தம்புராவை மட்டும் முழு ஸ்கோரில் மறைத்து வையுங்கள். மறைந்திருந்தாலும் அது ஒலிக்கும்.

பதில் (குவாத்ர போர்ன், கிளாரினெட் வாசிப்பவர்)

அம்மா சொன்னதை வழிமொழிகிறேன். அச்சிடுவதற்கு முன் ஒன்றை மட்டும் கட்டாயம் பாருங்கள். திரையின் அடியில் கான்செர்ட் பிட்ச் என்ற பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் எல்லாக் கருவிகளின் சுரங்களும் உண்மையில் ஒலிக்கும் சுருதியிலேயே காட்டப்படும். ஸ்கோர் எழுதும்போது அதை அழுத்தி வைத்திருப்பது பலருக்கும் வசதி; ஆனால் கிளாரினெட், சாக்ஸபோன் பாகங்களில் அது அணைந்திருக்க வேண்டும்.

பாடல் நான்கு கட்டை சுருதியில் சங்கராபரணம் என்று வைத்துக்கொள்வோம். ஷட்ஜம் எஃப், கீ சிக்னேச்சரில் (வரியின் தொடக்கத்தில் நிற்கும் சுருதிக் குறியில்) ஒரு ஃபிளாட். பி ஃபிளாட் கிளாரினெட் எழுதியதைவிட ஒரு முழு சுரம் கீழே ஒலிப்பதால் அதற்கு அவ்வளவு மேலே எழுத வேண்டும்; ஆகவே அந்தத் தாளில் ஷட்ஜம் ஜி ஆகி ஒரு ஷார்ப் நிற்கும். ஆல்ட்டோ சாக்ஸபோனுக்கு ஷட்ஜம் டி, இரண்டு ஷார்ப். மூன்று தாள்களிலும் ஒரே ஃபிளாட் தெரிந்தால் அந்தப் பொத்தான் இன்னும் அழுத்தப்பட்டிருக்கிறது என்று பொருள். பிள்ளைகள் அப்படியே வாசித்தால் ஆளுக்கொரு சுருதியில் ஒலிக்கும். ஒத்திகையில் அவர்களைக் குறை சொல்லிப் பயன் இல்லை. ராவானுக்கு இந்தக் கவலை கிடையாது.

பல்லவி முடியும்வரை கிளாரினெட்டுக்கு வேலை இல்லை என்றால், அந்த வெற்று அளவைகள் பாகத்தில் ஒரே நீண்ட கோடாகச் சுருங்கி, மேலே எண்ணிக்கை நிற்கும். எண்ணிக்கொண்டே இருப்பது சிறுவர்களுக்குக் கடினம். எங்கே சேர வேண்டும் என்று தெரிய, கிளாரினெட் பாகத்திலேயே குரலின் கண்ணையும் திறந்துவிடலாம். அந்தக் குரல் வரி அதன் சொந்தச் சுருதியில்தான் எழுதப்பட்டிருக்கும். அதை வாசிக்காமல் பார்த்துப் பின்தொடர மட்டும் சொல்லிக்கொடுங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி அம்மா, நன்றி ஐயா. பாகங்கள் திறந்துவிட்டன, கிளாரினெட் தாளில் ஒரு ஷார்ப் சரியாக நிற்கிறது. இரண்டு ஐயங்கள் மீதி இருக்கின்றன. சாக்ஸபோன் தாளில் அனுபல்லவியின் சில சுரங்கள் திரையில் சாம்பல் நிறமாகத் தெரிகின்றன, அச்சில் வருவதில்லை. எல்லாப் பாகங்களையும் பென் டிரைவில் போட்டு அச்சகத்துக்கு எடுத்துச் செல்வதற்கு எளிய வழி உண்டா?

பதில் (மோக்கா, இசை ஆசிரியை)

சாம்பல் நிறச் சுரங்கள் கண் குறியால் மறைந்தவை அல்ல. யாரோ அவற்றைத் தேர்ந்து வி விசையை அழுத்தியிருக்கிறார்கள். சாக்ஸபோன் பாகத்தில் அந்தச் சுரங்களை மட்டும் தேர்ந்து மீண்டும் வி விசையை அழுத்தினால் கறுத்துவிடும். பக்கம் முழுவதையும் தேர்ந்து அழுத்தாதீர்கள். தெரிந்துகொண்டிருப்பவையும் அதில் அகப்பட்டுக்கொள்ளும்.

அச்சகத்துக்குக் கோப்புப் பட்டியலில் ஏற்றுமதியைத் திறந்து, பி.டி.எஃப். வடிவத்தைத் தேர்ந்து, வேண்டிய பாகங்களுக்கு மட்டும் குறியிடுங்கள். தம்புராவுக்குக் குறியிடாமல் விட்டால் போதும். ஒவ்வொரு பாகமும் தனிக் கோப்பாக வரும்படி அங்கேயே சொல்லலாம். அப்படிச் செய்தால் பாடகர் தாளில் அதிகப் பிரதிகளும் ராவானுக்கு ஒன்றும் என்று கேட்க வசதியாக இருக்கும். ஏற்றுமதிக்கு முன் பக்க அமைப்பில் தாளின் அளவு ஏ4 என்று இருக்கிறதா பாருங்கள். லெட்டர் அளவு இருந்தால் மாற்றிவிட்டு, பிறகு ஏதேனும் ஒரு பாகத்தின் தாவலிலும் பக்க அமைப்பைத் திறந்து அளவை மாற்றி, எல்லாப் பாகங்களுக்கும் பொருத்தும் பொத்தானை அங்கே அழுத்துங்கள்; இல்லாவிட்டால் முழு ஸ்கோர் மட்டும் மாறி, பாகங்கள் பழைய அளவிலேயே நின்றுவிடும்.