பூட்டிய கதவுக்குள் புகுந்த மாரியோ: ஆட்டத்தை முடித்ததாகுமா?

பொன்வண்டு:
நிண்டெண்டோ நிறுவனத்தின் 'சூப்பர் மாரியோ 64' வீடியோ ஆட்டத்தை 16 நட்சத்திரத்தோடு முடித்துவிட்டேன் என்கிறான் என் தம்பி மகன். ஆட்டத்தில் சேர்க்க மொத்தம் 120 நட்சத்திரங்கள். வில்லன் பௌசருடனான கடைசிச் சண்டைக்குப் போக 70 வேண்டும் என்றுதான் 1996இல் அதை அமைத்தார்கள். இவனோ மாரியோவைப் படிக்கட்டில் பின்பக்கமாகத் தாவவிட்டு, பூட்டிய கதவுக்குள் அப்படியே புகுந்து போகிறான். வாசல் இருக்கக் கூரை ஓட்டைப் பிரித்து இறங்குவது போலத்தான் இது. முடித்ததாக நான் ஏற்கமாட்டேன்.

கடலைமிட்டாய்:
அண்ணா, அது எப்படி நடக்கிறது என்று பார்த்தால் அப்படிச் சொல்லமாட்டீர்கள். நீளத் தாவும்போது வேகம் ஒன்றரை மடங்காகிறது. முன்பக்க வேகத்துக்கு 48 என்று வரம்பு இருக்கிறது, பின்பக்கத்துக்கு இல்லை. படிக்கட்டில் கால் உடனே தரையைத் தொட்டுவிடுவதால், பட்டனை விடாமல் தட்டத் தட்ட வேகம் ஏறிக்கொண்டே போகும். ஆட்டம் நொடிக்கு 30 ஃபிரேம், அதாவது 30 படங்களாக ஓடுகிறது. ஒவ்வொரு ஃபிரேமின் நகர்வையும் நாலாகப் பிரித்து, அந்த நாலு இடங்களில் மட்டும்தான் 'இங்கே தடுப்பு உண்டா' என்று சோதிக்கும். இடைப்பட்ட தூரத்தைப் பார்க்காது. கால் பங்கு நகர்வே கதவின் தடிமனைத் தாண்டிவிட்டால், ஒரு சோதனையில் மாரியோ இந்தப் பக்கம், அடுத்ததில் அந்தப் பக்கம். கதவு அங்கே இருப்பதே கணக்கில் வராது. உங்கள் தம்பி மகன் நிரலில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை, கண்ட்ரோலரால் விளையாடினான், அவ்வளவுதான்.

பொன்வண்டு:
விளக்கம் அருமை. ஆனால் 1997இல் ஜப்பானில் வந்த 'ஷிண்டோ' என்ற திருத்திய பதிப்பில் நிண்டெண்டோவே இந்த ஓட்டையை அடைத்துவிட்டது. செய்தவர்களே பிழை என்று திருத்தியதை நாம் எப்படித் திறமை என்று கொண்டாடுவது?

செவ்வந்தி:
அடைத்ததில்தான் எனக்கு மனத்தாங்கல். 2020இல் நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கருவிக்கு வந்த 'சூப்பர் மாரியோ 3டி ஆல்-ஸ்டார்ஸ்' அந்த ஷிண்டோ பதிப்பை வைத்துச் செய்தது, அதனால் இந்தப் பின்தாவல் வித்தை அதிலும் இல்லை. 1985இன் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' நினைவிருக்கிறதா? 1-2, அதாவது முதல் உலகின் இரண்டாம் கட்டத்தின் முடிவில் சுவருக்குள் புகுந்து குழாயில் இறங்கினால் '-1' உலகம், எவ்வளவு நீந்தினாலும் முடியாத தண்ணீர். உண்மையில் அது 36-1. 36ஆம் எண்ணுக்குத் திரையில் வெற்றிடம் வருவதால் கோடும் 1உம் மட்டும் தெரிகின்றன. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் காதோடு சொல்லிக்கொண்ட ரகசியம் அது. புதுப் பதிப்பில் திருத்தட்டும், பழைய ஆட்டத்தை அது இருந்தபடியே விளையாடவும் வழி வேண்டும்.

கடலைமிட்டாய்:
அண்ணா, ஆட்டத்தை எவ்வளவு சீக்கிரம் முடிக்கலாம் என்று போட்டி போடும் வேக ஓட்டக்காரர்கள், நட்சத்திர எண்ணிக்கைப்படி 120, 70, 16, 1, 0 என்று தனித்தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். 70 பிரிவில் பின்தாவலுக்குத் தடை. அப்புறம், 16 ஒன்றும் சும்மா வருவதில்லை. 15 நட்சத்திரம் சேர்த்தால்தான் நிலவறையில் மிப்ஸ் என்ற முயல் வரும். அதைத் துரத்திப் பிடித்துக் கதவருகே கொண்டுபோய், சரியான இடத்தில் கீழே வைத்து, அதன் உதவியால் மறுபக்கம் போகவேண்டும். நான் மணிக்கணக்கில் முயன்றிருக்கிறேன்.

பொன்வண்டு:
உழைப்பை நான் மறுக்கவில்லை. '16 நட்சத்திர ஓட்டம் முடித்தேன்' என்று சொல்லட்டும், கைதட்டுகிறேன். 'மாரியோ 64 முடித்தேன்' என்று சொல்லும்போதுதான் இடிக்கிறது. 'டிக் டாக் கிளாக்' கட்டத்தின் கடிகாரத்துக்குள் அவன் ஏறியதே இல்லை. அந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் அதுதான்.

கடலைமிட்டாய்:
அதைப் பார்க்காதது அவனுக்கு இழப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கடைசி பௌசரை மூன்று முறை சுழற்றிக் குண்டில் எறிந்தது அவன்தானே? அந்தச் சண்டையில் அவனுக்கு எந்தக் குறுக்குவழியும் உதவவில்லை.