மரைன் டேங்க்ல பிரவுன் ஆல்கே: தண்ணி மாத்த மாத்த கூடுது, என்ன பண்றது?

வேளச்சேரி_மரைன்:

வணக்கம் நண்பர்களே, இது என் முதல் உப்புத்தண்ணி டேங்க். 3 அடி, சுமார் 190 லிட்டர், அரகோனைட் மணல், காய்ஞ்ச ராக் வெச்சு ஆரம்பிச்சது. சைக்கிள் (கழிவை சிதைக்கிற பாக்டீரியா வளர்ற காலம்) முடிஞ்சு அமோனியா, நைட்ரைட் ரெண்டும் 0 வந்தப்புறம்தான் ஒரு ஜோடி க்ளவுன் மீன், ஒரு க்ளீனர் ஷ்ரிம்ப், கொஞ்சம் செரித் நத்தை விட்டேன். சலினிட்டி 1.025, டெம்பரேச்சர் 27, நைட்ரேட் 10, பாஸ்பேட் 0.05. இதுவரைக்கும் எல்லாம் சரியாத்தான் போச்சு.

இப்போ மணல் மேல முழுக்க காபித்தூள் தூவி விட்ட மாதிரி ஒரு படலம். கண்ணாடியிலயும் ராக் மேலயும் அதேதான், காந்தத்தால தேய்ச்சா உடனே கழண்டு வந்துடுது, ஆனா மறுநாள் சாயங்காலம் பாத்தா திரும்ப அதே அளவு. வாரா வாரம் 20 சதவீதம் தண்ணி மாத்துறேன், மாத்தின ரெண்டு நாளைக்கு இன்னும் அதிகமாத்தான் தெரியுது. தண்ணி நம்ம கிச்சன் ஆர்ஓ தான், டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்புகளோட அளவு) 60 காட்டுது, அபார்ட்மெண்ட் போர் தண்ணி 700க்கு மேல இருக்கும் அதனால 60 நல்ல நம்பர்னு நினைக்கிறேன். கடைல ஆல்கே கில்லர்னு ஒரு பாட்டில் தர்றாங்க, மூணு நாள் ஊத்தினா போயிடும்னு சொல்றாங்க. ஊத்தலாமா? இல்ல மணலை எல்லாம் எடுத்துட்டு முதல்ல இருந்து ஆரம்பிக்கணுமா? மீனுக்கு ஏதும் ஆயிடுமோன்னு பயமா இருக்கு, பொண்ணு வேற தினமும் ஸ்கூல் விட்டு வந்ததும் டேங்க் முன்னாடிதான் உக்காருறா.

---

கோவை_ரீஃபர்:

ப்ரோ அந்த பாட்டிலை தயவுசெஞ்சு ஊத்தாதீங்க. லேபிள்ல காப்பர்னு இருக்கான்னு பாருங்க, அப்படிப்பட்ட மருந்து நிறைய நன்னீர் டேங்குக்குன்னு விக்கிறது, காப்பர் கொஞ்சம் போனாலும் உங்க ஷ்ரிம்பும் நத்தையும் தாங்காது, அப்புறம் அது ராக்குலயும் மணல்லயும் போய் உக்காந்துக்கும், எடுக்கிறது பெரும்பாடு. மணலையும் தொடாதீங்க, மாத்தினா பாக்டீரியாவும் சேர்ந்து போகும்.

நீங்க சொல்றதை வெச்சு பாத்தா இது டயாட்டம். ஒரே ஒரு செல் உள்ள உயிர், தன்னைச் சுத்தி கண்ணாடி மாதிரி சிலிகாவுல ஓடு கட்டிக்கும். சிலிகா இல்லன்னா ஓடு கட்ட முடியாது, பெருகவும் முடியாது. புது டேங்க்ல எல்லாருக்கும் வர்றதுதான், மீனுக்கு ஒண்ணும் ஆகாது. உள்ள இருக்கிற சிலிகா தீர்ந்ததும் சில வாரத்துல தானா அடங்கும். உங்க டேங்க்ல அடங்காம, தண்ணி மாத்தினா கூடுதுன்னா, மாத்துற தண்ணியில இருந்துதான் சிலிகா உள்ள போகுதுன்னு அர்த்தம்.

இங்கதான் விஷயம். கிச்சன் ஆர்ஓ நாம குடிக்கிறதுக்கு பண்ணினது. மெம்ப்ரேன்ல வடிகட்டின தண்ணி ரொம்ப சப்புன்னு இருக்கும்னு, டிடிஎஸ் கன்ட்ரோலர்னு ஒரு சின்ன வால்வு வெச்சு மெம்ப்ரேன் வழியா போகாத தண்ணியை கொஞ்சம் திரும்ப கலந்து விடுவாங்க, இல்லன்னா மினரல் கார்ட்ரிட்ஜ் போட்டிருப்பாங்க. கன்ட்ரோலர் இருந்தா உங்க 60ல ஒரு பங்கு நேரா போர் தண்ணிதான். பாறை வழியா ஊறி வர்ற தண்ணியில சிலிகா கரைஞ்சே இருக்கும்.

இன்னொண்ணு, டிடிஎஸ் மீட்டர் சிலிகாவை சரியா காட்டாது. அந்த மீட்டர் அளக்கிறது தண்ணி எவ்ளோ கரண்ட் கடத்துதுன்னு, கரைஞ்ச சிலிகா பெரும்பாலும் சார்ஜ் இல்லாம இருக்கிறதால அதுல சிக்காது. 60ஐ 20க்கு கொண்டு வந்துட்டா போதும்னும் நினைக்காதீங்க.

தண்ணி மாத்துறதை விட டாப்-அப்தான் எனக்கு பெரிய சந்தேகம். சென்னை வெயில்ல ஃபேன் ஓட விட்டா தினமும் லிட்டர் கணக்குல ஆவியாகும், போறது வெறும் தண்ணி மட்டும்தான், சிலிகா உள்ளயே நிக்கும், நீங்க ஈடுகட்ட ஊத்துறதுல இன்னும் கொஞ்சம் சேரும். எதை ஊத்துறீங்க, அதே ஆர்ஓவா?

---

தூத்துக்குடி_கடல்:

கோவை அண்ணன் சொன்னது சரி, ஆனா டயாட்டம்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி டைனோங்கிற இன்னொரு நுண்ணுயிர் இல்லன்னு உறுதி பண்ணிக்கோங்க தம்பி, ஏன்னா ரெண்டுக்கும் வைத்தியம் தலைகீழ். டைனோ, அதாவது டைனோஃப்ளாஜெல்லேட்டும், அதே பிரவுன்தான், ஆனா சளி சளியா நூல் விட்டு ஆடும், நுனில காத்துக்குமிழி நிக்கும், நத்தை திடீர்னு மல்லாந்து கிடக்கும். நைட்ரேட், பாஸ்பேட் ரெண்டும் 0க்கு போன டேங்க்லதான் அதிகமா வரும். உங்க நம்பரைப் பாத்தா வாய்ப்பு கம்மி. இருந்தாலும் ஒரு டெஸ்ட் இருக்கு, செலவே இல்ல. மணல் மேல இருக்கிறதை சிரிஞ்சால உறிஞ்சி டேங்க் தண்ணியோட ஒரு சின்ன பாட்டில்ல போட்டு நல்லா குலுக்குங்க, டிஷ்யூ பேப்பர்ல வடிகட்டி, இறங்கின தண்ணியை லைட் அடில ஒரு மணி நேரம் வைங்க. திரும்ப நூல் நூலா ஒண்ணு சேந்தா டைனோ. சேராம அடியில தூளா படிஞ்சா, இல்ல தெளிவாவே இருந்தா பெரும்பாலும் டயாட்டம்.

ஃபோல்ட்ஸ்கோப் கிடைச்சா இன்னும் நல்லது, மனு பிரகாஷ் குழு பண்ணின பேப்பர் மைக்ராஸ்கோப், 140 மடங்கு பெருசா காட்டும். உங்க பொண்ணுக்கும் பிடிக்கும். டயாட்டம் படகு வடிவத்துலயோ ஊசி வடிவத்துலயோ விறைப்பா இருக்கும், சிலது மெதுவா நகரும். டைனோ சுத்திச் சுத்தி நீந்தும்.

டைனோன்னு தெரிஞ்சா தண்ணி மாத்துறதை நிறுத்தணும், கைல காயம் இருந்தா க்ளவுஸ் போடணும். அதுல ஆஸ்ட்ரியாப்சிஸ்னு ஒரு வகை விஷம். 2005ல இத்தாலில ஜெனோவா கடற்கரைல அது பெருகினப்போ காத்துல வந்த திவலையை சுவாசிச்சே 200 பேர் கிட்ட ஆஸ்பத்திரி போனாங்க. அதனால சோம்பேறித்தனம் பாக்காம டெஸ்ட் பண்ணிடுங்க.

அப்புறம் யாராச்சும் ‘ஆர்ஓ வேணாம், பீச்ல இருந்து கடல் தண்ணி எடுத்துக்கோ’ன்னு சொல்வாங்க. கரையோர தண்ணி வேணாம். மழைக்காலத்துல ஆத்துத் தண்ணி கடல்ல கலக்கும்போது சிலிகாவை அள்ளிட்டு வரும், சாக்கடையும் சேரும்.

---

வேளச்சேரி_மரைன்:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. டிஷ்யூ டெஸ்ட் பண்ணிட்டேன், நூல் எதுவும் சேரல, அடியில லேசா பழுப்பு தூள் மட்டும் படிஞ்சிருக்கு. நத்தை எல்லாம் நல்லா மேயுது. ஆர்ஓ மூடியை கழட்டிப் பாத்தேன், கோவை அண்ணா சொன்ன மாதிரியே ஒரு சின்ன வால்வு இருக்கு, திருகுற மாதிரி. டாப்-அப்பும் இதே தண்ணிதான், தினமும் ரெண்டு லிட்டர் போகுது. வால்வை முழுசா மூடிட்டா போதுமா, இல்ல தனியா அக்வேரியம் ஆர்ஓ வாங்கணுமா? இப்போ உள்ள இருக்கிற படலத்தை என்ன பண்றது? நத்தை இன்னும் கொஞ்சம் விடலாமா?

---

கோவை_ரீஃபர்:

சூப்பர், அப்போ டயாட்டம்தான். வால்வை மூடுங்க, ஆனா குடிக்கிற தண்ணி டேஸ்ட் மாறும், வீட்டுல கேட்டுட்டு மூடுங்க. அதை விட நல்லது, மெம்ப்ரேன்ல இருந்து வெளிய வர்ற ட்யூப்ல ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு, வால்வுக்கும் மினரல் கார்ட்ரிட்ஜுக்கும் முன்னாடியே டேங்குக்கு தனியா தண்ணி பிடிக்கிறது, சர்வீஸ் பண்றவர்கிட்ட சொன்னா மாட்டித் தருவார். அதுக்கு அப்புறம் கலர் மாறுற டிஐ ரெசின் (தண்ணியில மிச்சம் கரைஞ்சிருக்கிறதைப் பிடிக்கிற சின்ன மணிகள்) ஒரு கேனிஸ்டர் கட்டாயம். மெம்ப்ரேன் சிலிகாவுல பெரும்பகுதியை நிறுத்தும், மிச்சத்தை ரெசின்தான் பிடிக்கணும். ஆனா ரெசின் தீரும்போது முதல்ல நழுவுறதும் சிலிகாதான், டிடிஎஸ் இன்னும் 0 காட்டிட்டே இருக்கும். அதனால மீட்டர் ஏறட்டும்னு காத்திருக்காம, முக்கால்வாசி கலர் மாறினதும் மாத்திடுங்க. முடிஞ்சா ரெண்டு கேனிஸ்டர் வரிசையா. சந்தேகம்னா சாலிஃபர்ட் சிலிகேட் டெஸ்ட் கிட் இருக்கு, டேங்க் தண்ணியை விட ஆர்ஓ தண்ணியை அதுல பாருங்க, ஏன்னா டேங்க்ல இருக்கிறதை டயாட்டமே சாப்பிட்டிருக்கும், கம்மியாத்தான் காட்டும்.

இருக்கிற படலத்தை கிளறி விடாம வெளிய எடுங்க. செத்து உள்ளயே விழுந்தா ஓடு மெதுவா கரைஞ்சு அதே சிலிகா திரும்ப தண்ணிக்கு வரும். ஏர் ட்யூப்பால மணலோட மேல் தோலை மட்டும் உறிஞ்சி, 10 மைக்ரான் ஃபில்டர் பேக் வழியா விட்டு, தண்ணியை டேங்குக்கே திருப்புங்க. லைட்டை ஆறேழு மணி நேரத்துக்கு குறைங்க. ஜிஎஃப்ஓ (பாஸ்பேட்டை உறிஞ்சுற இரும்பு ஆக்சைடு துகள்) போடச் சொல்வாங்க, அது சிலிகேட்டையும் பிடிக்கும்ங்கிறது உண்மை, ஆனா பாஸ்பேட்டையும் சேத்து உருவிடும், 0.05ல இருந்து 0க்கு போனா தூத்துக்குடி அண்ணன் சொன்ன டைனோவுக்கு நாமளே வழி விட்டுடுவோம். என்னைக் கேட்டா இப்போதைக்கு வேணாம்.

---

தூத்துக்குடி_கடல்:

நத்தை விடலாம், செரித் மணலுக்கு நல்லது. நசாரியஸ் வாங்கச் சொன்னா ஆல்கேவுக்குன்னு வாங்காதீங்க, அது மிச்ச சாப்பாடு தின்கிற ஜாதி. ரொம்ப கூட்டமும் வேணாம், டயாட்டம் போனதும் பட்டினி கிடக்கும். கடல்ல இருந்து நீங்களா பொறுக்கிட்டு வந்துடாதீங்க, ட்ரோகஸ் நிலோட்டிகஸ் மாதிரி சில சங்கு வகை 2001லயே வனவிலங்கு பாதுகாப்புச் சட்ட அட்டவணைல வந்துடுச்சு, பவளம் முதல் அட்டவணைல இருக்கு, உடைஞ்சு கரை ஒதுங்கின துண்டுன்னாலும் எடுக்காதீங்க.

பாப்பா டேங்க் முன்னாடி உக்காருறான்னு சொன்னீங்களே, அவகிட்ட சொல்லுங்க, உலகத்துல உருவாகுற ஆக்சிஜன்ல ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்கு இந்த டயாட்டம் தர்றது. சாதாரண உயிர் இல்ல. அதை வெறுக்க வேண்டியதில்ல, உங்க டேங்க்ல அதுக்கு அளவுக்கு மேல சிலிகா சாப்பாடு போடாம இருந்தா போதும்.

---

வேளச்சேரி_மரைன்:

சரிண்ணா, சர்வீஸ்காரர் சனிக்கிழமை வர்றார், டீயும் டிஐயும் மாட்டிடுறேன். அதுவரைக்கும் டாப்-அப்புக்கு கேன் தண்ணி ஊத்தலாமா?

---

கோவை_ரீஃபர்:

கேன்லயும் மினரல் சேத்திருப்பாங்க ப்ரோ, வேணாம். பேட்டரி கடை டிஸ்டில்டு வாட்டரும் எல்லாம் உண்மையா காய்ச்சி வடிச்சது இல்ல. நாலு நாள்தானே, ஃபேன் வேகத்தை குறைச்சு, டெம்பரேச்சர் 28 தாண்டாம மட்டும் பாத்துட்டு, இப்போ இருக்கிற ஆர்ஓவையே வால்வை மூடி பிடிச்சு ஊத்துங்க. தண்ணி மாத்துறதை மட்டும் டிஐ வந்தப்புறம் வெச்சுக்கோங்க.