டேப் பேக்கப் லாக்கில் ‘சக்சஸ்’, ரீஸ்டோர் செய்தால் ‘கேனாட் அலோகேட் மெமரி’ – உதவி தேவை

கரூர்_சர்வர்

வணக்கம். கரூரில் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் சர்வர் பார்த்துக்கொள்கிறேன். பேக்கப் எல்லாம் எனக்கு முன்னால் இருந்தவர் அமைத்தது. சென்ட்ஓஎஸ் 7 சர்வர், வெளியே தனியாக ஒரு எல்டிஓ-6 டேப் டிரைவ் (எல்டிஓ என்பது ஒரு காந்த நாடா கார்ட்ரிட்ஜ் வகை, 6 அதன் தலைமுறை). வெள்ளிக்கிழமை இரவு ஒரு ஸ்கிரிப்ட் ஓடும். முதலில் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸின் டம்ப் (முழு டேட்டாபேஸையும் இறக்கிய ஒரு ஃபைல்), அடுத்து ஜக்கார்டு டிசைன் ஃபோல்டர். இரண்டையும் தனித்தனி டார் (ஃபைல்களை ஒன்றாகக் கட்டி எழுதும் நிரல்) கட்டளைகள் டேப்பில் எழுதுகின்றன. சனிக்கிழமை காலை கார்ட்ரிட்ஜை எடுத்து பீரோவில் வைத்துவிட்டு அடுத்ததைப் போடுவோம். லாக்கில் வாரம் தவறாமல் இரண்டு வரியிலும் ‘சக்சஸ்’ இருக்கிறது.

இந்த முறை வந்த ஆடிட்டர், “பேக்கப் எடுக்கிறீர்கள், சரி. திரும்ப எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா?” என்று கேட்டார். பார்த்ததாக எந்தக் குறிப்பும் கிடைக்கவில்லை. அதனால் டிரைவைக் கழற்றி ஒரு டெஸ்ட் கம்ப்யூட்டரில் மாட்டி, போன மாதக் கார்ட்ரிட்ஜைப் போட்டு டார் கொடுத்தேன். வந்தது இதுதான்:

டார்: /டெவ்/எஸ்டி0: கேனாட் ரீட்: கேனாட் அலோகேட் மெமரி

அந்தக் கம்ப்யூட்டரில் 16 ஜிபி ராம் இருக்கிறது, வேறு எதுவும் ஓடவில்லை. வேறு இரண்டு கார்ட்ரிட்ஜிலும் இதே கதைதான். டேப் எல்லாமே கெட்டுப்போய்விட்டதா? யாராவது வழி சொல்லுங்கள்.

பழைய_ஆபரேட்டர்

பதற வேண்டாம் தம்பி. டேப் கெட்டுப்போனதற்கான அடையாளம் இது இல்லை. ராமுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, அந்த எரர் வாசகம் ஆளைத் திசைதிருப்பிவிடும்.

டேப்பில் தரவு பிளாக் பிளாக்காக உட்கார்ந்திருக்கும். எழுதும்போது வைத்த பிளாக் அளவைவிடச் சின்ன பஃபரை (தரவை வாங்கிக்கொள்ளும் இடம்) நீட்டிப் படிக்கக் கேட்டால், லினக்ஸின் டேப் டிரைவர் இந்த எரரைத்தான் திருப்பித் தரும். டார் கட்டளைக்கு நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் பிளாக்கிங் ஃபேக்டர் 20, அதாவது இருபது 512 பைட் துண்டுகள், மொத்தம் 10,240 பைட். முன்னால் இருந்தவர் வேகத்துக்காக அதைக் கூட்டி வைத்திருப்பார். டேப்பில் எல்லோரும் செய்வதுதான்.

எதையும் தொடுவதற்கு முன் கார்ட்ரிட்ஜின் ஓரத்தில் இருக்கும் சின்னத் தள்ளு பொத்தானைப் பூட்டுப் பக்கம் நகர்த்துங்கள். அப்புறம் டிரைவில் போட்டு ‘எம்டி ஸ்டேட்டஸ்’ (எம்டி என்பது டேப் டிரைவை இயக்கும் கட்டளை) கொடுத்தால் கடைசி வரியில் ‘டபிள்யூஆர்_புராட்’ (எழுதத் தடை) என்று வரவேண்டும். அது வராமல் மேற்கொண்டு போகாதீர்கள். டார் கட்டளையில் எக்ஸ் (எடு) அடிக்க வேண்டிய இடத்தில் சி (புதிதாக எழுது) அடித்தால் டேப்பின் தொடக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்துவிடும்.

பிறகு ‘எம்டி செட்பிளாக் 0’ கொடுத்து டிரைவை மாறும் பிளாக் முறைக்குக் கொண்டுவாருங்கள். டேப்பை ரீவைண்ட் செய்து, டிடி (தரவை அப்படியே நகலெடுக்கும்) கட்டளையில் பிஎஸ் 1எம், கவுன்ட் 1 வைத்து ஒரே ஒரு பிளாக்கை ஒரு ஃபைலுக்குள் இழுங்கள். அந்த ஃபைலின் அளவுதான் உங்கள் டேப்பின் பிளாக் அளவு. அதை 512-ஆல் வகுத்து வரும் எண்ணை டார் கட்டளையின் -பி க்குக் கொடுங்கள்.

கரூர்_சர்வர்

அண்ணா, மிக்க நன்றி! ஃபைல் 262144 பைட் வந்தது. -பி 512 கொடுத்ததும் மளமளவென்று பட்டியல் ஓட ஆரம்பித்துவிட்டது, டிசைன் ஃபைல் எல்லாம் வருகிறது.

ஆனால் ஒன்று இடிக்கிறது. முதலில் எழுதுவது டேட்டாபேஸ் டம்ப். பட்டியலில் முதல் வரியிலிருந்தே டிசைன் ஃபோல்டர்தான் இருக்கிறது, டம்ப் எங்கேயும் காணோம். ‘எஃப்எஸ்எஃப் 1’ கொடுத்து அடுத்த ஃபைலுக்குப் போய்ப் பார்த்தேன், அங்கே எதுவும் இல்லை.

நெல்லை_ரூட்

உங்கள் முதல் பதிவில் எரர் வரியில் எஸ்டி0 என்று இருந்தது. பேக்கப் ஸ்கிரிப்டிலும் அதே பெயர்தானா, இல்லை என்எஸ்டி0-வா? பார்த்துச் சொல்லுங்கள். இன்னொன்று: டேப்பை ‘எம்டி ஈஓடி’ என்று கடைசிக்கு ஓட்டி, ஸ்டேட்டஸில் ஃபைல் நம்பர் என்னவென்று பாருங்கள். இரண்டு டார் ஃபைலும் இருந்தால் 2 என்று இருக்கவேண்டும்.

கரூர்_சர்வர்

ஸ்கிரிப்டில் இரண்டு இடத்திலும் எஸ்டி0. ஃபைல் நம்பர் 1.

நெல்லை_ரூட்

அப்படியானால் விஷயம் தெளிவாகிவிட்டது, நல்ல செய்தி இல்லை. எஸ்டி0 என்ற பெயரில் டேப்பைத் திறந்தால், வேலை முடிந்து மூடும்போது டிரைவ் தானாகவே தொடக்கத்துக்கு ரீவைண்ட் செய்துவிடும். என்எஸ்டி0 என்றால் நின்ற இடத்திலேயே நிற்கும். உங்கள் ஸ்கிரிப்ட் டம்பை எழுதியது, மூடியது, டேப் தொடக்கத்துக்கு வந்தது. அடுத்த டார் அதன் மேலேயே டிசைன் ஃபோல்டரை எழுதியது. இரண்டு எழுத்தும் பழுதில்லாமல் நடந்ததால் இரண்டு ‘சக்சஸ்’. லாக் பொய் சொல்லவில்லை, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லியிருக்கிறது.

அந்த டம்புகளைத் திரும்ப எடுக்க வழியில்லை. அதைவிடப் பெரிய டிசைன் ஃபோல்டர் மேலே எழுதப்பட்டுவிட்டது. இப்போது கேள்வி, சர்வரின் டிஸ்கில் சமீபத்திய டம்ப் இருக்கிறதா? இருந்தால் இந்த இழையை மூடிவிட்டு முதலில் அதை வேறொரு டிஸ்குக்கு நகலெடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

கரூர்_சர்வர்

இருக்கிறது. இப்போதுதான் வெளி டிஸ்க் ஒன்றில் நகலெடுத்து முடித்தேன். தறிக்காரர்களின் கூலிக் கணக்கு முழுக்க அந்த டேட்டாபேஸில்தான். ஸ்கிரிப்டில் என்எஸ்டி0 என்று மாற்றிவிட்டேன். இனி டார் கட்டளையில் -டபிள்யூ சேர்த்துவிட்டால் எழுதியதும் தானே சரிபார்த்துவிடும் என்று படித்தேன். அது போதுமா?

பழைய_ஆபரேட்டர்

போதாது. எல்டிஓ டிரைவ் எழுதும்போதே, எழுதும் தலைக்குப் பின்னால் வரும் படிக்கும் தலை வைத்து எழுதியதை உடனே படித்துப் பார்த்துக்கொள்கிறது. சரியில்லாவிட்டால் அதே பிளாக்கை மறுபடி எழுதும். அதனால், கொடுத்தது டேப்பில் ஏறியதா என்ற கேள்விக்கு டிரைவே பெரும்பாலும் பதில் சொல்லிவிடுகிறது. -டபிள்யூ அதையே இன்னொரு சுற்று பார்க்கிறது, அதே மெஷினில், அதே டிரைவில், எழுதிய சூட்டோடு. செய்யுங்கள், தப்பில்லை. ஆனால் உங்களுக்கு நடந்ததை அது பிடித்திருக்காது. முதல் டார் எழுதி முடித்ததும் சரிபார்த்து ‘சரி’ என்றிருக்கும், அதன் பிறகுதான் இரண்டாவது வந்து அழித்திருக்கும்.

சரிபார்ப்பு என்றால் இன்னொரு மெஷினில், காலியான டிஸ்கில், டேப்பிலிருந்து மட்டும் எடுத்து, அதை வேலை செய்ய வைத்துப் பார்ப்பதுதான். பேக்கப் முடிந்ததும் எழுதிய எல்லா ஃபைலுக்கும் எஸ்எச்ஏ256 (ஃபைலின் பைட்களிலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) பட்டியல் ஒன்று போட்டு டேப்புக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். ரீஸ்டோர் செய்த இடத்தில் அதை ‘-சி’ கொடுத்து ஒப்பிடுங்கள். டார் கட்டளையில் -டி கொடுத்து இப்போதுள்ள ஃபோல்டரோடு ஒப்பிடலாம்தான், ஆனால் இடையில் டிசைனர்கள் மாற்றிய ஃபைல்கள் எல்லாம் வித்தியாசம் என்று வந்து நிற்கும். உண்மையான கோளாறு அந்தக் கூட்டத்தில் மறைந்துவிடும்.

நேரத்தையும் குறித்து வையுங்கள். எல்டிஓ-6 கார்ட்ரிட்ஜின் கொள்ளளவு கம்ப்ரெஷன் இல்லாமல் 2.5 டிபி, வேகம் நொடிக்கு 160 எம்பி. முழு டேப்பைப் படிக்க நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவும் வாங்கும் டிஸ்க் ஈடுகொடுத்தால். டிஸ்க் மெதுவாக இருந்தால் டிரைவ் நின்று, பின்னால் போய், மறுபடி ஓடி என்று இழுத்துக்கொண்டே இருக்கும். முதலாளி “எப்போது சரியாகும்?” என்று கேட்கும் நாளில் உங்கள் கையில் அளந்து பார்த்த எண் இருக்கவேண்டும்.

தறி_டெக்

டம்ப் எடுக்கும் வரியையும் ஒருமுறை பாருங்கள். மைஎஸ்கியூஎல்டம்ப் வெளியீட்டை பைப் போட்டு ஜிஜிப் என்ற சுருக்கும் நிரலுக்கு அனுப்பியிருந்தால், ஷெல் பார்ப்பது ஜிஜிப்பின் முடிவை மட்டும். டம்ப் பாதியில் செத்தாலும் ஜிஜிப் கிடைத்த பாதியை ஒழுங்காகச் சுருக்கிவிட்டு ‘வெற்றி’ என்று சொல்லும். பாஷ் ஸ்கிரிப்டின் தலையில் ‘செட் -ஓ பைப்ஃபெயில்’ போடுங்கள், பைப்பில் எது தோற்றாலும் தோல்வி என்றே வரும். முழுமையான டம்பின் கடைசி வரியில் ‘டம்ப் கம்ப்ளீட்டட் ஆன்’ என்று தேதியோடு இருக்கும். அந்த வரி இல்லாவிட்டால் டேப்புக்கே அனுப்பக்கூடாது.

இதெல்லாம் சின்னக் கம்பெனிகளில் மட்டும் நடப்பது என்று யாரும் நினைக்கவேண்டாம். 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்துவைக்கும் தளம் நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் முதன்மை டேட்டாபேஸ் தவறுதலாக அழிக்கப்பட்டபோது, தினசரி டம்ப் வேலை செய்யவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஓடியது போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் 9.2 பதிப்புக்கான டம்ப் நிரல், டேட்டாபேஸோ 9.6. ஒவ்வொரு முறையும் தோற்று மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது, டிமார்க் (போலி மின்னஞ்சலைத் தடுக்கும் முறை) பிரச்சினையால் அந்த மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. ஏறக்குறைய ஆறு மணி நேரத் தரவு போனது. நடந்ததை அவர்கள் ஒளிக்காமல் எழுதி வெளியிட்டதால்தான் நமக்கெல்லாம் தெரிகிறது, அதற்காக அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. மறுபக்கம், 2011 பிப்ரவரியில் ஒரு மென்பொருள் பிழையால் ஜிமெயில் பயனர்களில் சுமார் 0.02 சதவீதம் பேரின் அஞ்சல்கள் காணாமல் போனபோது, கூகுள் அவற்றை மீட்டது டேப்பிலிருந்துதான். டேப்பை நம்பலாம். அதன் மேல் என்ன ஏறுகிறது என்பதைத்தான் நாம் பார்த்துக்கொள்ளவேண்டும்.

கரூர்_சர்வர்

எல்லோர் சொன்னதையும் வைத்து ஸ்கிரிப்டைத் திருத்திப் புது கார்ட்ரிட்ஜில் எழுதினேன். ஃபைல் நம்பர் 2 வந்தது. டெஸ்ட் கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்தேன், எஸ்எச்ஏ பட்டியலில் எல்லாமே ‘ஓகே’. டம்பின் கடைசி வரி இருக்கிறது. காலி டேட்டாபேஸில் ஏற்றி ஒவ்வொரு டேபிளிலும் வரிசைகளை எண்ணினேன், அசலோடு ஒத்துப்போகிறது.

முடிந்தது என்றுதான் நினைத்தேன். எதற்கும் பார்க்கட்டும் என்று கணக்குப் பிரிவு அக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். கூலிப் பட்டியலைத் திறந்ததும், “என்ன தம்பி, ஒரு பேரையும் காணோம்?” என்றார். தறிக்காரர்களின் பெயர்கள் தமிழில்தான் பதிவாகியிருக்கும். பெயர் இருக்கவேண்டிய இடத்திலெல்லாம் வரிசையாகக் கேள்விக்குறி. தொகை, தேதி, பீஸ் கணக்கு எல்லாம் சரி. அசல் சர்வரில் பெயர்கள் நன்றாகத் தெரிகின்றன. இது டேப் பிரச்சினையா?

தறி_டெக்

இல்லை, டம்ப் எடுக்கும்போதே போய்விட்டது. அந்த வரியில் ‘டீஃபால்ட் கேரக்டர் செட்’ (எந்த எழுத்துத் தொகுதி என்ற குறிப்பு) என்று ஏதாவது கொடுத்திருக்கிறதா? லேட்டின்1 (மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான தொகுதி) என்று இருந்தால், அதில் தமிழ் எழுத்துக்கு இடமே கிடையாது. சர்வர் ஒவ்வொரு தமிழ் எழுத்தையும் கேள்விக்குறியாக மாற்றித்தான் டம்புக்குக் கொடுக்கும். கேள்விக்குறி ஆனபின் அந்த டம்பிலிருந்து பெயரை மீட்க முடியாது. ‘யூடிஎஃப்8எம்பி4’ (தமிழும் அடங்கிய யூனிகோட் தொகுதி) என்று மாற்றிப் புதிதாக டம்ப் எடுங்கள். நீங்கள் வெளி டிஸ்கில் வைத்த நகலும் இதே கதியில்தான் இருக்கும், அதையும் மாற்றுங்கள்.

அந்த அக்கா பார்த்ததை உங்கள் எஸ்எச்ஏ எந்தக் காலத்திலும் பார்க்காது. கேள்விக்குறியும் பைட்தானே, அது பைட்டுக்கு பைட் ஒத்துப்போகும். மாதத்துக்கு ஒருமுறை அவரையே உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், இதை அவர் வேலையில் ஒரு பகுதியாகவே எழுதி வாங்குங்கள்.

கரூர்_சர்வர்

லேட்டின்1தான் இருந்தது. மாற்றி, டம்ப் எடுத்து, டேப்பில் எழுதி, மறுபடி ரீஸ்டோர் செய்து காட்டினேன். அக்கா போன மாதக் கூலிப் பட்டியலை அச்செடுத்து, பேனாவோடு ஒவ்வொரு பெயராக டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஆடிட்டருக்கு அந்தத் தாளையே ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டேன்.

இரண்டு சந்தேகம் மட்டும். வாரா வாரம் முழு டேப்பையும் ரீஸ்டோர் செய்யவேண்டுமா? அடுத்து, புது எல்டிஓ-8 டிரைவ் வாங்கிவிட்டு இதை விற்றுவிடலாமா என்று முதலாளி கேட்கிறார்.

பழைய_ஆபரேட்டர்

விற்க விடாதீர்கள். எல்டிஓ-7 வரைக்கும் டிரைவ்கள் இரண்டு தலைமுறை பின்னால் உள்ள டேப்பைப் படிக்கும். எல்டிஓ-8 அப்படி இல்லை, 7-ஐயும் 8-ஐயும் மட்டும்தான் படிக்கும். உங்கள் பீரோவில் உள்ள எல்டிஓ-6 கார்ட்ரிட்ஜ் ஒன்றைக்கூட அது தொடாது. வாங்குவதாக இருந்தால் எல்டிஓ-7 பாருங்கள், இல்லை பழைய டிரைவையும் வைத்துக்கொள்ளுங்கள்.

வாராவாரம் முழு டேப் தேவையில்லை என்பது என் கருத்து. டம்பை மட்டும் வாரம் தவறாமல் எடுத்து ஏற்றிப் பாருங்கள், அது சின்னது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பீரோவிலிருந்து ஏதோ ஒரு பழைய கார்ட்ரிட்ஜை எடுத்து முழுதாக.

நெல்லை_ரூட்

அண்ணன் சொன்னதில் எனக்கு ஒரு மாறுபாடு. முதல் மூன்று மாதமாவது மாதம் ஒரு முழு ரீஸ்டோர் செய்யுங்கள். ஸ்கிரிப்ட் இப்போதுதான் மாறியிருக்கிறது, அது நம்பிக்கையைச் சம்பாதிக்கட்டும். எல்டிஓ டேப் அந்த ஓட்டத்துக்கெல்லாம் தேய்ந்துவிடாது. ‘டேப்இன்ஃபோ’ கொடுத்து டேப் அலெர்ட் (டிரைவ் தரும் எச்சரிக்கை) எதுவும் இருக்கிறதா என்றும் அப்போதே பாருங்கள். டிரைவ் கேட்டால் மட்டும் க்ளீனிங் கார்ட்ரிட்ஜ் போடுங்கள்.

பழைய கார்ட்ரிட்ஜ்களை இப்போதைக்குச் சுழற்சியில் சேர்க்கவேண்டாம். பூட்டிய நிலையிலேயே ‘டிசைன் மட்டும், டேட்டாபேஸ் இல்லை, பிளாக் 262144’ என்று லேபிளில் எழுதி ஒட்டிவிடுங்கள். பின்னால் வருபவர் அதில் கூலிக் கணக்கைத் தேடிக்கொண்டு உட்காரக்கூடாது.