கூரை திறந்த தார் ஜீப்பில் 4 வயசுக் குழந்தையை உட்கார வைக்கலாமா?

வணக்கம். ஊர் புதுச்சேரி, அரியாங்குப்பம். வண்டி 2021 மஹிந்திரா தார், துணிக் கூரை, செகண்ட் ஹேண்ட். பொண்ணுக்கு 4 வயசு, 16 கிலோ. கடலூர் சில்வர் பீச்சுக்கோ மரக்காணம் பக்கமோ போகும்போதெல்லாம் கூரையைத் திறக்கணும்னு ஒரே அடம்.

பின்சீட்டில் ஐசோஃபிக்ஸ் (சைல்டு சீட்டை வண்டியோட நேரா பூட்டுற கொக்கி) மாட்டி சைல்டு சீட் போட்டாச்சு, அசையவே இல்லை. 2020ல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் இந்த மாடலுக்குக் குழந்தைப் பாதுகாப்பில் 4 ஸ்டார்னும் தெரியும். 14 வயசுக்குள்ள பிள்ளைக்கு பெல்ட்டோ சைல்டு சீட்டோ இல்லாட்டி 1000 ரூபா அபராதம், அதுவும் தெரியும். என் குழப்பம் வேற.

வண்டி உருண்டா துணிக் கூரை மூடியிருந்தாலும் தாங்கப் போறதில்லை, தாங்குறது உள்ளே இருக்கிற இரும்புக் கம்பிக் கூண்டு, அதாவது ரோல் கேஜ்தான். அதனால கவிழ்ந்தா தரை எதுவரை வரும்னு பார்க்க, கூண்டோட பின்கம்பியிலிருந்து முன்கண்ணாடிச் சட்டம் வரை கயிறு கட்டிப் பார்த்தேன். அவள் தலை கயிறுக்கு ஒரு சாண் கீழேதான் இருக்கு. ஆனா கூரை மூடியிருந்தா கையை வெளியே நீட்ட முடியாது, லாரி தெறிக்கிற ஜல்லியும் உள்ளே வராது.

ஷோரூமில் கேட்டேன். ஒருத்தர் தாராளமா போங்கன்னார், பக்கத்து மேஜைக்காரர் வேண்டவே வேண்டாம்னார். காத்துக்குக் கண்ணாடி, தொப்பி, வெயிலுக்குச் சாயங்காலப் பயணம்னு எல்லாம் பார்த்தாச்சு. பெல்ட் பக்கிள் மட்டும் இன்னும் சுடுது, துண்டு போட்டு மூடி வைக்கிறேன்.

சைல்டு சீட்டில் சரியா கட்டியிருக்கிற குழந்தையோட, கூரையைத் திறந்து ஈசிஆர் கடற்கரைச் சாலையில் 60 வேகத்தில் போறது மூடிப் போறதைவிட எவ்வளவு ஆபத்து?