விற்காமல் கிடந்த லென்ஸைப் புதுப்பித்து, புதுச்சரக்காக விற்கலாமா?

ஜார்ஜ்டவுன் வாசி:
கோலாலம்பூர்க் கடையொன்றில் அண்மையில் லென்ஸ் வாங்கினேன். அது பல ஆண்டுகள் விற்காமல் கிடங்கில் கிடந்தது என்பதும், இன்றைய கேமராக்களோடு இயங்குவதற்காக, கேமராவோடு தொடர்புகொள்ளும் அதன் சிப் (மின்னணுச் சில்லு) மாற்றப்பட்டது என்பதும், பிறகு வரிசை எண்ணைக் கொண்டு விசாரித்தபோதுதான் தெரிந்தது. பெட்டியில் புது ஸ்டிக்கர். விலையும் புதுச்சரக்கின் விலை. இந்த வழக்கத்தை நாம் ஏற்கக்கூடாது.

செந்தூல் படக்காரர்:
நான் உடன்படவில்லை, ஐயா. யார் கையும் படாத லென்ஸ் புதியதுதான். கேனனின் புதிய கேமராக்களில் தன் பழைய லென்ஸ்கள் இயங்காமல் போனபோது, சிக்மா நிறுவனமே பலவற்றுக்குச் சிப் மாற்றிக் கொடுத்தது. 2006இல் வந்த நிக்கான் டி40 கேமராவுக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை; அதனால் மோட்டார் இல்லாத லென்ஸ்கள் அதில் தானாக ஃபோகஸ் செய்யா. அதற்குப் பின்னர் டாம்ரான் தன் 90 மி.மீ. மேக்ரோ (மிக அருகிலிருந்து படமெடுக்கும்) லென்ஸின் கண்ணாடியமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு, மோட்டாரைச் சேர்த்து வெளியிட்டது. அதை ஏமாற்று என்று யார் சொல்வார்கள்? சிப் இருக்கும் மின்சுற்றுப்பலகை பெரும்பாலும் மவுண்டை, அதாவது லென்ஸைக் கேமராவில் பொருத்தும் வளையத்தை, ஒட்டியே இருப்பதால், அதை மாற்றும்போது கண்ணாடிகளைத் தொட வேண்டியதும் இல்லை.

ஜார்ஜ்டவுன் வாசி:
நீங்கள் சொன்ன இரண்டும் வெளிப்படையாக நடந்தவை. சிக்மா, லென்ஸ் வைத்திருந்தவருக்கே திருத்திக் கொடுத்தது. டாம்ரான் புதிதாக உற்பத்தி செய்து விற்றது. கிடங்கில் கிடந்த சரக்கைத் திறந்து மூடி, அதைச் சொல்லாமல் விற்பது வேறு. மேலும், நம் ஊரில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. நாம் டிரை பாக்ஸில் (ஈரப்பதத்தைக் குறைத்து வைக்கும் பெட்டியில்) 40 முதல் 50 விழுக்காட்டில் பாதுகாக்கும் பொருள், அங்கே அட்டைப்பெட்டிக்குள் ஆண்டுக்கணக்கில் கிடந்திருக்கிறது. பூஞ்சை கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிட்டால் துடைத்தாலும் தடம் போகாது. ஃபோகஸ் வளையத்தின் கிரீஸ் இறுகும், சில லென்ஸ்களில் எண்ணெய் கசிந்து ஒளியின் அளவைக் கட்டுப்படுத்தும் அபெர்ச்சர் இதழ்களில் படியும். சிப்பை மாற்றுவதால் இவற்றில் ஒன்றும் சரியாகாது. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 10ஆவது பிரிவு, ஒரு பொருள் புதியதா, மறுசீரமைக்கப்பட்டதா, எப்போது செய்யப்பட்டது என்பவை பற்றித் தவறான தகவல் தருவதைத் தடுக்கிறது.

செந்தூல் படக்காரர்:
சிறு கடைக்காரரின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். 2018இல் கேனனும் நிக்கானும் முழுச்சட்டக (பெரிய சென்சார் கொண்ட) மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத) கேமராக்களுக்குப் புது மவுண்டுகளைக் கொண்டுவந்த பிறகு, பழைய மவுண்ட் லென்ஸ்களில் போட்ட முதல் அப்படியே முடங்கிக் கிடக்கிறது. 'பழைய சரக்கு' என்று எழுதி வைத்தால், குறையே இல்லாத லென்ஸும் விலைபோகாது.

பட்டர்வொர்த் வாசகி:
விலைபோகும், அண்ணா. பழைய லென்ஸைப் புதுக் கேமராவில் பொருத்தும் அடாப்டர் போட்டுப் பயன்படுத்தும் என்னைப் போன்றவர்கள், விலையைக் குறைத்தால் மகிழ்ச்சியோடு வாங்குவோம். வாங்குமுன் டார்ச் விளக்கை உள்ளே அடித்துப் பார்ப்பதும், உத்தரவாதம் வாங்கிய நாளிலிருந்து தொடங்குவதாக ரசீதில் எழுதி வாங்குவதும் நல்லது. ஏமாற்றப்பட்டவர்கள் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் மனுச் செய்யலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அங்கே விசாரிக்கிறார்கள், வழக்கறிஞரும் தேவையில்லை.

ஜார்ஜ்டவுன் வாசி:
நன்றி, சகோதரி. கடைக்காரர் நட்டப்பட வேண்டும் என்பது என் விருப்பமன்று. உற்பத்தியான ஆண்டையும் சிப் மாற்றிய நாளையும் பெட்டியின் மேல் அச்சிட்டு, அதற்கேற்ற விலை சொன்னால், அடுத்த லென்ஸையும் அதே கடையில் வாங்குவேன்.