மறதிநோய்க்கான மரபணுச் சோதனை: உங்கள் முடிவைத் தீர்மானித்தது எது?

அனைவருக்கும் வணக்கம். தாயாருக்கு அல்சைமர் நோய் உறுதியானதிலிருந்து, மரபணுச் சோதனை செய்துகொள்வதா வேண்டாமா என்பதில் நானும் தம்பியும் ஒரு முடிவுக்கு வர இயலாமல் தவிக்கிறோம். பெரும்பாலும் 65 வயதுக்கு முன்பே இந்நோயைக் கொண்டுவரும் அரிதான பிஎஸ்இஎன்1 (PSEN1) மரபணு மாற்றம் பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. ஏபிஓஇ-4 (APOE-4) என்ற மற்றொரு மரபணு வகையோ ஆபத்தைக் கூட்டுமே தவிர, நோய் வந்தே தீரும் என்று சொல்வதில்லை. தாயாருக்கு 74 வயதில்தான் அறிகுறிகள் தொடங்கியதால், பின்னதற்கே வாய்ப்பு அதிகம் என்கிறார் மருத்துவர்.

முன்கூட்டியே தெரிந்தால் பராமரிப்பைத் திட்டமிடலாம் என்பது என் எண்ணம். குணப்படுத்தும் மருந்து இல்லாத நிலையில் அந்த முடிவு தன் மகளையும் சேர்த்து வதைக்கும் என்று தம்பி அஞ்சுகிறான்; அது நியாயமான அச்சம்தான். சோதனைக்கு இசைந்தவர்களும் மறுத்தவர்களும், உங்களை அம்முடிவுக்குக் கொண்டுவந்தது எது, மரபியல் ஆலோசகரிடம் முதலில் எதைக் கேட்டீர்கள், காப்பீட்டில் சிக்கல் எழுந்ததா என்பதை எழுதி உதவுமாறு வேண்டுகிறேன்.