புதுப்பிப்பு: காலையில் ஸ்டார்ட் ஆகாத பழைய ஸ்கூட்டர்

செகண்ட் ஹேண்டில் வாங்கிய 110 சிசி ஸ்கூட்டர் காலையில் கிக்கருக்கு மசியவில்லை, சிக்னலில் ஆஃப் ஆகிறது என்று கேட்டிருந்தேன். சரியாகிவிட்டது, பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பேட்டரி நன்றாகத்தான் இருந்தது, 12.6 வோல்ட். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் முனை முழுக்க வறண்ட கரி. காற்று போதாமல் பெட்ரோல் முழுசாக எரியாவிட்டால் இப்படிப் படியும். ஏர் ஃபில்டரைத் திறந்தால் மடிப்புக்கு மடிப்பு மண். காகித ஃபில்டரைக் கழுவக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். அதையும் பிளக்கையும் மாற்றி, கார்புரேட்டரில் ஸ்லோ ஜெட்டை (ஆக்ஸிலரேட்டர் கொடுக்காதபோது பெட்ரோல் வரும் சின்னத் துளை) சுத்தம் செய்ததும், வண்டி நிற்கும்போது எஞ்சின் ஆஃப் ஆகாமல் ஐடிலிங் சீராக இருக்கிறது.

அப்புறம், பழைய வண்டி வாங்குபவர்கள் கியர் ஆயிலையும் மாற்றிவிடுங்கள். எஞ்சின் ஆயில் வேறு, பின்சக்கரத்துப் பக்கம் இருக்கும் இது வேறு. நாம் கேட்டால்தான் மெக்கானிக்குகள் இதைத் தொடுவார்கள். என் வண்டியில் தார் மாதிரி வந்தது. அடுத்து, எஞ்சின் சக்தியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பெல்ட்டின் கவரைத் திறக்க வேண்டும், பெல்ட்டில் விரிசல் இருந்தால் போட்டோ போடுகிறேன்.